கொடுத்து எடுக்க ஒரு பெண்

பெண் பார்க்கப் போவதற்கென்றே அண்ணனிடம் ஒரு சட்டை இருந்தது. சந்தன நிறம், முழுக்கை. தேனியில் துணி எடுத்து உத்தமபாளையத்தில் தைத்தது. மற்ற நாட்களில் அது பீரோவுக்குள் ஒரு பழைய வேட்டிக்கு அடியில் தொங்கும். திருவிழாவுக்கோ உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கோ அண்ணன் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத ஒரு வீட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்காருவதற்கு மட்டும் அது வெளியே வரும். திரும்பி வந்ததும் பெரியம்மா அதைத் துவைத்துக் கஞ்சி போட்டு, கழுத்துப் பட்டையில் அழுக்கு தங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் உள்ளே மாட்டிவைப்பார். முதலில் வாங்கியபோது அந்தச் சட்டை அண்ணனுக்குத் தோளில் கொஞ்சம் தொளதொளப்பாக இருந்தது. பிறகு சரியாக இருந்தது. பிறகு வயிற்றில் பித்தான் இழுக்க ஆரம்பித்தது. அப்போதும் அவர் பெண் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அண்ணன் என்று நான் சொல்வது என் பெரியப்பாவின் மகனை. பெரியப்பா ஊரோடு இருந்து நிலத்தைப் பார்த்தார். என் அப்பா கம்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் சம்பளத்துக்கு இருந்தார். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. பேரூராட்சி என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஒரே தெருவில் பெரியப்பா வீடு ஒரு முனை, எங்கள் வீடு மறுமுனை. நான் பிறந்தவுடன் என் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார்களாம். பெரியம்மாதான் எனக்குப் பால் கொடுத்து வளர்த்தார். வீட்டில் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் செய்தி அது. என்னிடம் எதையாவது சாதிக்க வேண்டியிருந்தால் அண்ணன் அதைத்தான் எடுத்துப்போடுவார். “நீ எங்க வீட்டுப் பாலக் குடிச்சவத்தா. நான் சொன்னாக் கேக்கணும்.”

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் என்னைக் கட்டிக்கொடுத்துவிடலாம் என்று அப்பா நினைத்தபோது குறுக்கே நின்றவர் அண்ணன்தான். அவர் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். “சித்தப்பா, இவ படிக்கட்டும். பஸ்ஸேத்தி விடுறதும் கூப்புட்டு வர்றதும் எம்பாடு” என்று சொல்லி, சொன்னபடியே மூன்று வருடம் செய்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் பல பெண் பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போனார்கள். படித்து முடித்தவர்கள் கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று வேலைக்குப் போய் அங்கேயே வாழ்க்கைப்பட்டார்கள். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவனைக் கட்டிக்கொள்ள அவர்களில் ஒருத்திக்கும் விருப்பமில்லை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நானும் மதுரையில்தான் இருக்கிறேன்.

மதுரையில் ஒரு கல்லூரியில் நான் பொருளாதாரம் நடத்துகிறேன். அதில் மக்கள்தொகை என்று ஒரு பாடம் உண்டு. பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு, ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்கிற கணக்கு எல்லாம் அதில் வரும். கரும்பலகையில் கோடு கிழித்து, ஊர் எப்படி வளர்கிறது, எப்படி மூப்படைகிறது என்று விளக்குவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும். ஒரே வகுப்பறை. இடது பக்கம் பையன்கள், வலது பக்கம் நாங்கள். பையன்கள் பக்கம் ஒரு பெஞ்சில் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஓரத்தில் இருக்கிறவனுக்கு ஒரு கால் வெளியே தொங்கும். எங்கள் பக்கம் பையை வைக்கவும் இடம் இருக்கும், சாய்ந்துகொள்ளவும் இடம் இருக்கும். நாங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டோம். அந்த இடம் யாருடையது என்று ஒரு டீச்சரும் கேட்டதில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

இப்போது ஊருக்குப் போனால் கணக்கு வேறு விதமாகக் கண்ணில் படுகிறது. பாதி வீடுகளில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள். சில வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. தெருமுனையில் கட்டும் பிளெக்ஸ் தட்டிகளில் கல்யாண வாழ்த்தைவிடக் கண்ணீர் அஞ்சலிதான் அதிகம். விடிவதற்கு முன்னால் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலை ஏறிய பெண்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய மகள்கள் ஜீப்பில் ஏறுவதில்லை. திராட்சைப் பந்தலுக்கு அடியில் கவாத்து வெட்டுகிறவர்கள் வடக்கேயிருந்து வந்த பையன்கள். அவர்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வீடியோவில் பேசுகிறார்கள். இதற்கெல்லாம் நடுவில், நாற்பதைத் தொட்ட, தாண்டிய ஆண்கள் தெருத்தெருவாக இருக்கிறார்கள். நல்ல நிலம், நல்ல கிணறு, மாடிவீடு, கெட்ட பழக்கம் இல்லை. மாலையில் டீக்கடைப் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். வீட்டுக்குப் போக அவசரம் இல்லாத உட்காரல் அது.

ஒரு சனிக்கிழமை அண்ணன் என்னைக் குச்சனூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்யாணத் தடைக்கு எள் விளக்குப் போடச் சொல்லி யாரோ ஜோசியர் சொல்லியிருந்தார். ஒன்பது வாரமோ பதினோரு வாரமோ, அந்தக் கணக்கில் கடைசி வாரம். பெண் துணை ஒன்று உடன் வந்தால் நல்லது என்றார்களாம். சனீஸ்வரன் கோயிலில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எனக்கு முன்னால் நின்றவர்களைப் பார்த்தேன். துவைத்து மடித்த சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி, காதோரம் சாயம். பெரும்பாலும் அண்ணனின் வயதுக்காரர்கள். அண்ணன் ஒவ்வொருவராக அடையாளம் சொன்னார்.

“அந்தா, தூணுக்குப் பக்கத்துல நிக்கிறான் பாரு, கோம்பைக்காரன். போன மாசம் அவனுக்கு நிச்சயம் வரைக்கும் வந்து தட்டிப்போச்சு. அவனுக்குப் பின்னாடி நிக்கிறவன் எங்கூட ஒரு வீட்டுல எதுக்கெதுக்க வந்துட்டான். நான் பாத்துட்டு வெளிய வாறேன், அவன் பாக்கறதுக்கு உள்ள போறான்.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

“ஏத்தா, இத்தனை பேரையும் ஒரே நேரத்துல பிடிக்கணும்னா சனிக்கும் வேலைக்கு ஆள் பத்தாதுல்ல?”

“இது சனி இல்லண்ணே” என்றேன். வகுப்பில் நடத்துகிற குரல் எனக்கு வந்துவிட்டது. “நம்ம வயசுல நம்ம பக்கம் பொண்ணுகளே கம்மி.”

“கம்மின்னா? எங்கன போனாக?”

“பொறந்ததையே வச்சுக்கிடல. பொறகு ஸ்கேன் வந்ததும் பொறக்கவே விடல.”

அண்ணன் கையிலிருந்த விளக்கின் திரியைச் சரிசெய்தார். “அதெல்லாம் அங்கிட்டுத்தா. மலைக்கு அந்தப் பக்கம். நம்ம ஊருல அப்படி ஒண்ணும் இல்ல” என்றார். வரிசை நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

அதற்கு அடுத்த ஆண்டு கடமலைக்குண்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தரகர் ஒருவர் சொல்லி வந்த இடம். வருசநாட்டுப் பக்கம், இலவமரமும் தென்னையுமாக நல்ல தோட்டம் உள்ள குடும்பம். பெண் பால் சொசைட்டியில் வேலை பார்த்தாள். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பெண்ணுக்கு ஏன் இத்தனை நாள் ஆகவில்லை என்று பெரியம்மா கேட்டதற்கு, அவளுடைய அண்ணனுக்கு ஆகவில்லை, அதனால் தள்ளிக்கொண்டே போகிறது என்று தரகர் சொன்னார். அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியப்பா அப்போது உயிரோடு இல்லை. அண்ணன் தன் பழைய வேனை ஓட்ட, பெரியம்மாவும் நானும் பின்னால் உட்கார்ந்து போனோம்.

அந்த வீட்டில் நடந்தது மாதிரி நான் வேறு எந்தப் பெண் பார்ப்பிலும் பார்த்ததில்லை. பெண் காப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. அங்கேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கறுப்பு, மெலிந்த உடம்பு, குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

“திராட்சைக்கு மருந்து அடிக்கையில மூக்கக் கட்டிக்குவீகளா?” என்று அண்ணனை நேராகக் கேட்டாள்.

அண்ணன் திகைத்துப்போனார். “சில நேரம் கட்டுவேன்.”

“சில நேரமெல்லாம் கூடாது. எங்க சித்தப்பாவுக்கு நெஞ்சு கெட்டுப்போனது அதுலதான்.”

“இனிமேக் கட்டிக்கிறேன்” என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். ‘இனிமே’ என்ற சொல்லைக் கேட்டு அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருடப் பெண் பார்ப்பில் அண்ணனின் முதுகு நாற்காலியில் சாய்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பெண்ணின் அண்ணன் எங்கள் அண்ணனைவிட ஒன்றிரண்டு வயது குறைந்தவராக இருப்பார். பேச்சுக் குறைவு. அவர்தான் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார், பெரியம்மாவுக்குக் கால் வைக்க ஒரு பலகை கொண்டுவந்து போட்டார், அண்ணனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் காய் வெடிக்கும் இலவமரங்களைக் காட்டினார். இரண்டு பேரும் திரும்பி வரும்போது உரத்தின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு மனசுக்குள் கல்யாணமே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் பெண்ணின் தகப்பனார் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை எடுத்தார். அங்கே வந்திருந்த தரகரைப் பார்க்காமல் பெரியம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

“எல்லாம் பிடிச்சிருக்கு ஆத்தா. ஒண்ணே ஒண்ணுதான். மூத்தவன் இப்படி நிக்கையில இவளக் கட்டிக் குடுத்துட்டு அவன் முகத்துல நான் முழிக்கணும். அவனுக்கும் பாக்காத எடமில்ல. ஒரு பொண்ணக் குடுத்து ஒரு பொண்ண எடுக்குறதா இருந்தா, ரெண்டு கல்யாணத்தையும் ஒரே பந்தல்ல வச்சிருவோம். ஒங்களுக்கு மக இல்லையா?”

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் கல்யாணமாகி ஒரு மகளைப் பெற்றவள். அவர் பார்வை என்மேல் பட்டதே தவிர, என்னைப் பார்க்கவில்லை.

“இல்ல” என்றார்.

“அண்ணன் தம்பி வழியிலயாவது?”

“யாரும் இல்ல.”

அவர் கெட்ட மனிதரில்லை. அவருக்கே அழுகை வந்துவிடும்போல இருந்தது. “அப்ப இவனுக்கு ஒண்ணு அமையட்டும் ஆத்தா, பொறகு பேசுவோம்” என்று எழுந்து கும்பிட்டார். அந்தப் பெண் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுடைய அண்ணன் வாசலில் எங்கள் செருப்புகளைத் திருப்பி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

தேனி வழியாகத் திரும்பினோம். வீரபாண்டியைத் தாண்டி, சாலை ஓரத்தில் புளியமரங்களும் அந்தப் பக்கம் நாற்றுப் பச்சையுமாக வந்த இடத்தில் பெரியம்மா வாயைத் திறந்தார். என்னிடம்தான் சொன்னார். குரலைத் தாழ்த்தவில்லை.

“எனக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சுத்தா.”

குழந்தையிலேயே ஒன்று தவறிப்போனதாக வீட்டில் அரசல்புரசலாகச் சொல்லிக் கேட்டதுண்டு. “காய்ச்சல்ல போன பிள்ளையா பெரியம்மா?” என்றேன்.

“காய்ச்சல் இல்ல.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் முழுவதும் இங்கே எழுதப் போவதில்லை. கட்டிக்கொடுக்க வேண்டிய நாத்தனார்கள் வீடு நிறைய இருந்தார்கள். ரெண்டு வருஷமாக மழை இல்லை. வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். “இது வேணாம்னு சொன்னாக. நான் வாயத் தொறக்கல. அவுக தூக்கிட்டுப் போகையில ஒரு தரம் கைய நீட்டியிருக்கலாம். நீட்டல” என்றார். “நெஞ்சுல பால் கட்டிக்கிட்டு நான் துடிச்சேன். அந்த வாரந்தான் ஒங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போனாக. ஒன்னையக் கொண்டாந்து எம்மடியில போட்டாக.”

சம்பளக்காரன் வீட்டுப் பிள்ளை என்பதால் நான் தங்கினேன். நிலத்தை நம்பி இருந்த வீட்டுப் பிள்ளை என்பதால் அவள் தங்கவில்லை. அண்ணனும் தம்பியுமான இரண்டு பேரின் பிள்ளைகள். ஒரே தெருவின் இரண்டு முனை.

வேன் நின்றிருந்தது. எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல் முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, புளியமரத்துக்கு அடியில் போய் நின்றார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்துப் பெரியம்மா உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

“பேரு வச்சீகளா அவளுக்கு?”

பெற்ற தாயை அவர் எப்போதும் நீ என்றுதான் பேசுவார். அன்று கேட்டது அவரையா, அந்த வீட்டையேயா என்று எனக்குப் புரியவில்லை.

“இல்லப்பா” என்றார் பெரியம்மா.

ஊர் வந்து சேர்ந்தோம். அண்ணன் என்னை எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, “பாத்து எறங்குத்தா” என்று மட்டும் சொன்னார்.

கதை அங்கேயே நின்றிருந்தாலும் வருத்தம்தான். ஆனால் அது அங்கே நிற்கவில்லை. சில மாதங்கள் கழித்துக் கடமலைக்குண்டிலிருந்து அந்தப் பெண்ணின் அண்ணன் போனில் கூப்பிட்டார். தகப்பனாரோடு சண்டை போட்டு அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டாராம். “எனக்காக எந்தங்கச்சி நிக்க வேணாம். நீங்க வந்து பூ வச்சுட்டுப் போங்க. அவளும் ஒங்களத்தான் சொல்லுறா” என்றாராம். பதினைந்து வருடமாக அண்ணன் காத்துக்கொண்டிருந்த வார்த்தை. அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டு நான் மதுரையிலிருந்து ஓடினேன். அவர் தோட்டத்தில் இருந்தார். பந்தலுக்கு அடியில் குலைகளில் நெருக்கமாக இருந்த பிஞ்சுகளைக் கத்தரிக்கோலால் கழித்துக்கொண்டிருந்தார். நான் பேசினேன், கெஞ்சினேன், கடைசியில் சத்தம்கூடப் போட்டேன். அவர் கையை நிறுத்தவில்லை.

“யாரோ செஞ்சதுக்கு நீங்க ஏண்ணே தண்டனைய வாங்கிக்கிறீக?”

“தண்டனையெல்லாம் இல்லத்தா.” ஒரு குலையை முடித்து அடுத்ததைப் பிடித்தார். “அந்தப் பிள்ளையக் கட்டிக் கூட்டியாறேன்னு வையி. அவளுக்குப் பொம்பளப் பிள்ளை பொறக்குது. நம்ம வீட்டு வழக்கம் என்ன? மொதல்ல தூக்கி யார் கையில குடுக்கணும்?”

அவரே சொன்னார்.

“எங்கம்மா கையிலதான் குடுக்கணும். எனக்குக் கை வராதுத்தா.”

“பெரியம்மா இன்னைக்கு அப்படிச் செய்வாகளாண்ணே? அழுதுக்கிட்டே வாங்கிக்குவாக.”

“தெரியும். அவுக வாங்கிக்குவாக. எனக்குக் குடுக்கத்தான் வராது” என்றார்.

அந்தப் பெண் ஒரு வருடம் பார்த்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக் கணக்கரைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்துக்கு அண்ணன் போயிருந்தார். பந்தியில் நின்று பரிமாறினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. அன்று வேனிலிருந்து இறங்கியதிலிருந்து அண்ணன் தன் தாயை அம்மா என்று கூப்பிடவில்லை. கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. மாத்திரை வாங்கிவந்து வைப்பார், வெந்நீர் போட்டுக் கொடுப்பார், மூட்டு வலிக்குக் கம்பத்து வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போவார். “சாப்பிட்டாச்சா?”, “விளக்கப் போடவா?” என்று முகத்தைப் பார்த்தே பேசுவார். அந்த ஒரு சொல் மட்டும் வராது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. பெரியம்மாவுக்குத் தெரிந்தது. அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துப் படுக்கையில் விழுந்தபோது நான் போய் இரண்டு நாள் தங்கியிருந்தேன். தலையணையைத் தூக்கிவைத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் என்னைய அம்மான்னு கூப்பிடுறதில்லத்தா.”

“கூப்பிடுவாக பெரியம்மா.”

“சொல்லாம இருந்திருக்கணும். சாகப்போற காலத்துல நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டுப் போயிருக்கலாம். அந்தாளு ஒங்களுக்கு மக இல்லையான்னு கேட்டதும், இல்லன்னு எம்வாயால சொன்னேம்பாரு. அந்தப் பிள்ளைய ரெண்டாந்தரம் கொன்ன மாதிரி இருந்துச்சு. அதுக்குத்தான் சொன்னேன்.”

நான் அண்ணனைத் தோட்டத்து மோட்டார் ரூமில் பிடித்து இதைச் சொன்னேன். அவர் சண்டைக்கு வரவில்லை. “கூப்பிடத்தான் பாக்குறேன்த்தா. பக்கத்துல போயி நிக்கேன். தொண்டை வரைக்கும் வருது” என்றார். தண்ணீர் திறந்துவிட்ட வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவளும் இப்படித்தான கூப்பிட்டிருப்பா. அது வந்து நிக்குது முன்னாடி.”

இதில் யார் யாரை மன்னிக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெளியவில்லை. மன்னிக்க வேண்டியவள் உயிரோடு இல்லை. அவளுக்காக இன்னொருத்தர் மன்னிக்கலாமா என்றும் தெரியவில்லை. கொஞ்சம் நாள் கிடைத்திருந்தால் அண்ணன் கூப்பிட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பெரியம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வாசல் பக்கம் அண்ணனுடைய செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த முகம் திரும்பும். அந்த நாள் கிடைக்கவில்லை. ஒரு காலையில், அண்ணன் பால் வாங்கப் போயிருந்தபோது, பெரியம்மா போய்விட்டார். பாடை தூக்கும்போது அண்ணன் ‘அம்மா’ என்று கத்தினார். தெருவே நின்றுவிட்டது. கொள்ளிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் மறுபடியும் கத்தினார். அவரைப் பிடித்து நிறுத்தியவர், செய்தி கேட்டுக் கடமலைக்குண்டிலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணின் அண்ணன்தான்.

நான் இப்போதும் அந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஆயிரம் ஆண்களுக்கு என்று ஆரம்பிக்கும்போது குரல் கொஞ்சம் தடுமாறுகிறது. பிள்ளைகள் கவனித்திருக்கமாட்டார்கள். கழித்துச் சொல்கிற எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாயின் நெஞ்சில் பால் கட்டியிருக்கும் என்று பாடப் புத்தகத்தில் இல்லை. கழிந்தவர்கள் போக மிச்சம் நின்ற ஆண்கள் அறுபது, எழுபது வயதில் எப்படிச் சோறு பொங்கிச் சாப்பிடுவார்கள், யாரைக் கூப்பிடுவார்கள் என்பதும் அதில் இல்லை.

இந்தச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அவள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். வெயிலில் அலைந்து கோயில் முடித்து அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, அடுப்படியில் இரண்டு ஆண்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அண்ணன். மற்றவர் கடமலைக்குண்டுக்காரர். அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகப்போவதுமில்லை. மாதத்துக்கு ஒரு தடவை அவர் இங்கே வருகிறார், அடுத்த மாதம் அண்ணன் அங்கே போகிறார். ஒருவர் மருந்து அடித்தால் மற்றவர் போனில் மூக்கைக் கட்டியாயிற்றா என்று கேட்கிறார்.

கோழி வெந்ததும் எங்களை உட்காரவைத்து இலை போட்டார்கள். “மச்சான், பிள்ளைக்கி ஈரல எடுத்து வைங்க” என்றார் அண்ணன். “வச்சாச்சு மச்சான், நீங்க ஒக்காருங்க” என்றார் அவர். டீக்கடையில் இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற மச்சான் இல்லை அது. சம்பந்தம் கலந்தவர்கள், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை வைத்து, முறை தெரிந்து கூப்பிடுகிற மச்சான். என் மகளுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

“மாமா, இவுக உங்களுக்கு எப்படி மச்சான்? நம்ம சொந்தமா?”

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார். “எந்தங்கச்சியக் கட்டிக்கிட வேண்டியவுக.”

மகள் கண்ணை விரித்து என் பக்கம் திரும்பினாள். “உன்னையாம்மா?”

“ஒங்கம்மா இல்லத்தா” என்றார் அண்ணன். “எனக்கு இன்னொரு தங்கச்சி இருந்தா. ஒங்கம்மா வயசுதான்.”

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடமலைக்குண்டுக்காரருக்கு இது தெரியுமா, எவ்வளவு தெரியும் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் குழம்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்து, ஒரு கரண்டி மொண்டு அண்ணனின் இலையில் ஊற்றினார்.

“சோறு ஆறுது. சாப்புடுங்க மச்சான்” என்றார்.